மண்ணடுப்பு என்று எழுதிய சீட்டு

லாமி
சனிக்கிழமை

அன்புள்ள மூத்த மகன் பெதெலிக்கு, லாமியிலிருந்து அம்மா உனைசி எழுதுவது. நீயும் மெரேசெய்னியும் என் பேத்தி சேராவும் அங்கே கடல் தாண்டி கிளாட்ஸ்டனில் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். காலை ஜெபத்தில் உங்கள் மூன்று பேரையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வருகிறேன். சேரா நீச்சலில் முதலாவது வந்து மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் பிரிண்ட் போட்டு பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், சபைப் பெண்கள் எல்லாரும் பார்த்தாயிற்று, மீன் மார்க்கெட்டில் பார்த்தாயிற்று, பஸ் டிரைவரும் பார்த்துவிட்டார். எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், ஏற்கெனவே சொன்ன ஒன்றே இந்த வீட்டுக்குப் போதும்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனை எடுத்தால் உன் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான், உன் முகம் தெரிந்ததும் ஆளுக்கு ஆள் கத்துவார்கள், நான் அழுவேன், நீ உடனே டிக்கெட் எடுக்கிறேன் என்பாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், கண்டாவுத் தீவில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனால் அந்த ஐந்தில் மூன்று வருஷம் வகுப்பில் முதலாவது நான்தான் என்பதையும் மறந்துவிடாதே.

உன் தம்பி எமோசி கையைச் சுட்டுக்கொண்டது நம் வீட்டுக் கொல்லையில் விருந்து நாளில் குழி தோண்டிக் கல்லைச் சுட்டுப் போடும் மண்ணடுப்பில் இல்லை. அப்படி உனக்குச் சொன்னவள் நான். நீ அன்றைக்கு ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாய், "பத்து வருஷமா நெருப்பையே கையில புடிச்சவன் கிழங்கு சுடப் போய்ச் சுட்டுக்கிட்டானா, வெல்டர்னு வெளியில சொல்லிடாதடா" என்றாய். எமோசியும் கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு சேர்ந்து சிரித்தான். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. அவன் சிரித்தானே, அதுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

நடந்தது கப்பல் பட்டறையில், நீ தொழில் பழகிய அதே பட்டறையில். தீவுகளுக்குப் போகும் கப்பல் ஒன்றைக் கரையேற்றி வைத்திருந்தார்கள், அதன் டீசல் தொட்டியில் ஒரு விரிசல். தொட்டியைக் கழுவ வேண்டும், மூடிகளையெல்லாம் திறந்து காற்று ஊதும் மெஷினைப் போட வேண்டும், உள்ளே எண்ணெய் ஆவி இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும், வாசலில் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வெல்டர் இறங்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும், எனக்கு இப்போதுதான் தெரியும். அன்று கழுவியதோடு சரி. வெள்ளிக்கிழமைக்குள் கப்பல் தண்ணீரில் இறங்கியாக வேண்டும் என்று கம்பெனி நெருக்கியதாம். எமோசி இறங்கி வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தான், அடியில் தங்கியிருந்தது எதுவோ பிடித்துக்கொண்டு, தொட்டி முழுதும் ஒரு மூச்சு நேரம் நெருப்பாக நின்று அணைந்ததாம். முகமூடி முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. கையுறை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஓட்டைக் கையுறையோடு இறங்கியிருக்கிறான், அதனால் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று, கழுத்தில் ஒரு பக்கம் போயிற்று, இடது கண்ணில் பனி மூடினாற்போல்தான் இன்னும் தெரிகிறது என்கிறான். உள்ளே பாய்ந்து அவனை இழுத்து வெளியே போட்டது யார் என்றால் ஃபோர்மேன் கிதியோனே, என் செத்துப்போன அண்ணனின் மகன், உங்கள் மச்சான். அவனை உள்ளே இறக்கியதும் அதே கிதியோனேதான்.

எனக்குச் செய்தி வந்து டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் கிதியோனே கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான், அவனுக்கும் காயம். என்னைப் பார்த்ததும் காலில் விழாத குறை. "அத்தே, உங்கள கேப்பாங்க, வீட்டுல மண்ணடுப்புல நடந்துச்சுன்னு சொல்லிடுங்க. தொட்டின்னு சொன்னா விசாரணை வரும், பட்டறைய மூடிடுவாங்க, நாப்பது வீட்டுல அடுப்பு எரியாது. கம்பெனி எல்லாம் பாத்துக்கும், நான் பொறுப்பு அத்தே, என் அப்பா மேல சத்தியம்" என்றான். என் அண்ணன் பெயரை எடுத்துவிட்டான் பார், அதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. உள்ளே போனேன். ரஷ்னீதா என்று ஒரு இந்திய நர்ஸ், சின்னப் பெண், எமோசியின் சட்டையைக் கத்தரித்துக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டாள். மண்ணடுப்பு என்றேன். அவள் கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "செவ்வாக்கிழமை மத்தியானம் எந்த வீட்டுல மண்ணடுப்பு போடுறாங்க பாட்டி? அதுவும் நீங்க மட்டும் டீசல் ஊத்தியா கிழங்கு சுடுறீங்க?" என்றாள். அவன் உடம்பெல்லாம் டீசல் வாடைதான், எனக்கு மட்டும் மூக்கு இல்லையா. இருந்தாலும் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் வீட்டில் எந்த நாளில் அடுப்பு போடுவது என்று எங்களுக்குத் தெரியும், நான் சொல்கிறதை எழுது என்றேன். எழுதினாள். "உங்க இஷ்டம் பாட்டி, ஆனா இந்தச் சீட்டு இனிமே உங்க மகன் கூடவே வரும்" என்று மட்டும் சொன்னாள். கோபத்தில் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை கிதியோனே திமிங்கிலப் பல்லோடு வந்தான். தனியாக இல்லை, நான் பிறந்த கண்டாவுத் தீவிலிருந்து என் அண்ணன் வீட்டு ஆண்கள் ஆறு பேர் கப்பலேறி வந்திருந்தார்கள், பாய் விரித்து, யங்கோனா வேர்ப்பானம் கரைத்து, முறைப்படி மன்னிப்புக் கேட்டார்கள். எப்பேர்ப்பட்ட பல் தெரியுமா, முழங்கை நீளம் இருக்கும், பல வருஷம் எண்ணெய் தடவிக் கடும் தேநீர் நிறத்துக்கு வந்த பல். என் அப்பா வீட்டிலிருந்து அப்படி ஒன்று நம் வீட்டுக்கு வருகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும். உன் அப்பா இருந்திருந்தால் அவர் வாங்கியிருப்பார், அவர் இடத்தில் சவெனாதா சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பல்லை வாங்கிவிட்டால் மன்னித்ததாக ஆகிவிடும், அதனால் வாங்குவதற்கு முன்னால் அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். வாங்கினார். இத்தோடு இந்தப் பேச்சு முடிந்தது, இனி ஒருவரும் இதை எடுக்கக்கூடாது என்று சொன்னார். சம்மதம் என்று எல்லாரும் கையைக் குவித்துத் தட்டினோம். எமோசி மட்டும் தட்டவில்லை. கட்டுப் போட்ட கையோடு எப்படித் தட்டுவான் என்று நினைத்துக்கொண்டேன். பல்லை முன் அறையில் உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சபைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு மாதம் அதைப் பற்றித்தான் பேசினேன், இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கம்பெனியிலிருந்து அரிசி வந்தது, டின் மீன் வந்தது, சம்பளமும் வந்தது. ஐந்தாவது வாரம் நின்றது. எமோசியின் மனைவி லைசானி பட்டறைக்குப் போய்க் கேட்டாள். ஆபீசில் இருந்தவர் வருகைப் பதிவைத் திருப்பிக் காட்டி, உன் புருஷன் அன்றைக்கு லீவு, வீட்டில் அடுப்பில் விழுந்தவனுக்குக் கம்பெனி இத்தனை வாரம் கொடுத்ததே தர்மம் என்றாராம். லீவு என்று எப்போது எழுதினார்கள், யார் எழுதினார்கள், ஆண்டவருக்குத்தான் தெரியும். அதோடு கிதியோனேவும் வருவதை நிறுத்திவிட்டான். எதிரில் பார்த்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான். டாக்டர் சொல்வது என்னவென்றால் எமோசியின் விரல்களில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு முறை கத்தி வைக்க வேண்டும், தினம் பயிற்சி செய்ய வேண்டும், அப்படியும் வெல்டிங் கோலைப் பிடிக்கிற அளவுக்கு மடங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார். மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் போட முயற்சி பண்ணுவான், அவள் அசையாமல் நிற்பாள், நேரம் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் அவளே போட்டுக்கொண்டு, அப்பா போட்டு விட்டார் என்று என்னிடம் வந்து சொல்வாள்.

லைசானி சத்தம் போடுகிற பெண் இல்லை, உனக்குத் தெரியும். ஒருநாள் முன் அறையைப் பெருக்கும்போது அந்தப் பல்லைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை எந்த டாக்டர்கிட்ட காட்டினா கைக்கு வைத்தியம் பாப்பாரு?" என்று கேட்டாள். கிண்டலா என்று திரும்பிப் பார்த்தேன், அவள் கண்ணில் கிண்டல் இல்லை. அந்த வாரமே நானும் அவளும் வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் அரசாங்க ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த பையன் நல்ல மாதிரி, என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். எமோசியின் சீட்டை வாங்கிப் படித்தான். "பாட்டி, வேலை செய்யுற இடத்துல நடந்திருந்தா யார் தப்புன்னு நாங்க கேக்கவே மாட்டோம், வைத்தியம், இழப்பீடு எல்லாத்துக்கும் மனு வாங்கிக்குவோம். ஆனா முதல் நாள் சீட்டுல மண்ணடுப்புன்னு இருக்கே. இத யார் சொன்னது?" என்றான். லைசானி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்காக நான் என்ன கொடுத்தாலும் தகும். பிறகு நானே சொன்னேன், நான்தான் என்று. அந்தப் பையன் பேனாவை வைத்துவிட்டான். முதலில் சொன்னவரே வந்து அது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சம்பவ இடத்தில் இருந்த ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள், அதற்குப் பிறகு வந்தால் என் கையில் எதுவும் இல்லை என்றான். நெருப்புப் பிடித்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். கிதியோனே.

வீட்டுக்கு வந்து எமோசியிடம் சொன்னேன். பல்லை வாங்கிவிட்டோமே, பேச்சு முடிந்தது என்று சித்தப்பா சொல்லி எல்லாரும் கை தட்டிவிட்டோமே, இப்போது எப்படி மறுபடி வாயைத் திறப்பது என்று நான் புலம்பினேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். "நான் தட்டலம்மா" என்றான். உனக்குக் கைதான் கட்டில் இருந்ததே என்றேன். "கை நல்லா இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்" என்றான். பெதெலி, நான் ஒன்பது வாரமாக அந்தப் பல்லைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன், என் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிந்தது அவன் கை, மன்னித்தது நான். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ என் வாயிலிருந்துதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சவெனாதா சித்தப்பாவிடம் போய், கிதியோனே வீட்டுக்கு என்னோடு வந்து பேசுங்கள் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாங்கின பல்லைத் திருப்பிக் கொண்டு போயி அவன் வாசல்ல போட்டா ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போகும் அண்ணி, என் வாயால அது நடக்காது" என்றார். அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். ஆனால் பல் மன்னிப்புக் கேட்க மட்டுமா? பெண் கேட்கவும் அதைத்தான் கொடுக்கிறோம், உதவி கேட்கவும் அதைத்தான் கொடுக்கிறோம். இன்னொன்று, கிதியோனே வீடு எமோசிக்கு மாமன் வீடு. உடன்பிறந்தவள் பிள்ளை வந்து கேட்டால் அந்த வீட்டில் இல்லை என்ற சொல் கிடையாது, படகு என்றாலும் பாய் என்றாலும் எடுத்துக்கொண்டு போகலாம். நீ அந்த உரிமையை நன்றாகப் பயன்படுத்தினாய், உன் மாமாவின் படகு மோட்டாரை நீ எடுத்து வந்து ஒரு வருஷம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது எனக்கு மறக்கவில்லை. எமோசி ஒரு கோழியைக்கூடக் கேட்டதில்லை. சரி, இப்போது கேட்கட்டும் என்று முடிவு பண்ணினேன்.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம் பல்லை உன் அப்பாவின் பழைய சர்ட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிதியோனே வீட்டுக்குப் போனேன். கூட ஆண்கள் யாரும் இல்லை. அவன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னையும் துணி மூட்டையையும் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "திருப்பிக் குடுக்க வந்தீங்களா அத்தே? அதுக்கு என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்" என்றான். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து பல்லை வெளியில் எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டேன். ஆண்கள் பேசும் அந்தப் பெரிய வார்த்தைகள் எனக்கு வராது. "திருப்பிக் கொடுக்க வரல கிதியோனே, கேக்க வந்திருக்கேன். உன் அத்தை மகன் இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒண்ணும் எடுத்ததில்ல. இப்ப ஒண்ணு கேக்குறான். அன்னைக்கு நடந்தத நடந்த மாதிரி திங்கட்கிழமை காலையில இழப்பீட்டு ஆபீசுக்கு வந்து சொல்லணும். நான் என் பொய்ய எடுத்துக்கறேன், நீ உன்னுத எடுத்துக்க" என்று சொன்னேன். அவன் பல்லைத் தொடவில்லை. அவன் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அதையும் ஒருவரும் தொடவில்லை. "சொன்னா எனக்கு வேலை போயிரும் அத்தே. எனக்கும் மூணு புள்ளைங்க" என்றான். தெரியும் என்றேன். அவன் சொன்னது உண்மைதானே. முழங்கால் வலியில் உயிர் போகிறது, பல்லை மட்டும் நான் கீழே வைக்கவில்லை.

பிறகு அவன், விரல் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டான். நான் பதில் சொன்னேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே சொன்னதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. எமோசி உள்ளே இறங்கும் முன் காற்று ஊதும் மெஷின் வரட்டும் என்று கேட்டிருக்கிறான். "நான்தான் அத்தே, என்ன மச்சான், காத்து வாங்கணும்னா பீச்சுக்குப் போ, பொண்டாட்டி விசிறி விட்டாத்தான் உள்ள இறங்குவியான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டான்" என்றான். மச்சான் கிண்டல் பண்ணினால் கோபப்படக் கூடாது, முறைப்புக் காட்டக் கூடாது, நம் ஆட்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். வேறு யார் சொல்லியிருந்தாலும் எமோசி மெஷின் வரும் வரை நின்றிருப்பான். மச்சான் சொன்னதால் நிற்க முடியவில்லை. வேலையில் கேட்க வேண்டிய கேள்வி வேடிக்கையாகப் போய்விட்டது, ஃபோர்மேனாகப் பதில் சொல்ல வேண்டியவன் மச்சானாகப் பதில் சொல்லிவிட்டான். கிதியோனே கெட்டவன் இல்லை, பெதெலி. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் அவன் இரண்டு கையாலும் பல்லை வாங்கிக்கொண்டான். மூலையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிதான் கையைக் குவித்துத் தட்டினாள். வேலை போனால் அவள் பாடுதான் திண்டாட்டம், தெரிந்தேதான் தட்டினாள். வாங்கினவன் வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் நடுவில் சனி, ஞாயிறு இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போயிருக்கும், ஆள் அனுப்புவார்கள். நான் பொய் சொன்னதற்கு என்னை என்ன செய்வார்களோ, அந்தக் கவலையும் இருக்கிறது. கடிதத்தை இப்போது ஒட்டவில்லை, திங்கட்கிழமை வரை பைபிளுக்குள் சேராவின் படத்தோடு இருக்கட்டும்.

திங்கட்கிழமை, மாலை நான்கு மணி.

எட்டு மணிக்கெல்லாம் நானும் எமோசியும் லைசானியும் ஆபீஸ் வாசலில் நின்றோம். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, அவன் வரவில்லை. காத்திருக்க வேண்டாம் என்று நான் முதலில் உள்ளே போய் என் பொய்யை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி நானே எழுதினேன், யாரையும் எழுத விடவில்லை. ஆஸ்பத்திரியில் மண்ணடுப்பு என்று சொன்னது நான், அது பொய், என் மகன் கப்பலின் டீசல் தொட்டிக்குள் வேலை செய்யும்போது எரிந்தான், நர்ஸ் ரஷ்னீதா என்னைக் கேட்டாள், நான் அவளை அதட்டினேன். அதட்டியதை எழுதத் தேவையில்லை பாட்டி என்றான் அந்தப் பையன், இருக்கட்டும் என்றேன். கையெழுத்துப் போட்டு நிமிரும்போது கிதியோனே வாசலில் நிற்கிறான். சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டை, அதன் கையை மேலே மடித்துவிட்டு, இழுத்துப் போடும்போது பட்ட சூட்டுத் தழும்பு தெரியும்படி வந்திருந்தான். எமோசி பக்கம் பார்க்காமல் நேராகப் போய் உட்கார்ந்து சொன்னான், எல்லாவற்றையும் சொன்னான், மெஷின் கேட்டதையும் தான் கிண்டல் பண்ணியதையும் விடவில்லை. பையன் எழுதியதைத் திரும்ப எங்களுக்குப் படித்துக் காட்டினான். அதில் அந்தக் கிண்டலைக் கேட்கும்போது சிரிப்பு வருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

இழப்பீடு கிடைக்கும் என்று அந்தப் பையன் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. விசாரணை நடக்கும், கம்பெனியைக் கேட்பார்கள், அவர்கள் லீவு என்றுதான் சாதிப்பார்கள், மாதக்கணக்கில் ஆகலாம், என்னையும் மறுபடி கூப்பிடலாம். நாங்கள் படியிறங்கும்போதே கிதியோனேவின் ஃபோன் அடித்தது. பட்டறையிலிருந்துதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றான். எமோசிதான் போய் அவன் பக்கத்தில் நின்றான். அந்த மடங்காத கையைத் தூக்கி அவன் தோளில் வைத்து, "வேலை போச்சா மச்சான்? வா, வீட்டுல மண்ணடுப்பு போடுவோம், பன்னி உன்னுது. இந்தத் தடவ டீசல் வேண்டாம்" என்றான். கிதியோனே சிரிக்கவில்லை. சிரிக்க முயற்சி பண்ணினான், வாய் கோணிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் அப்படியே பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள், நானும் லைசானியும் பின்னால் வந்தோம்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மெரேசெய்னியைத் திட்டாதே, நான் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள். துத்தநாகம் பூசின குழாயில் வேலை செய்துவிட்டு வரும் நாட்களில் உனக்குக் குளிர் எடுத்து உடம்பு நடுங்குகிறதாம், விடாமல் இருமுகிறாயாம், டாக்டர் கேட்டபோது மீன் பிடிக்கப் போய் நனைந்தேன் என்று சொன்னாயாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், விசா கம்பெனி கையில் இருக்கிறது, நீ யாருக்கும் தொல்லை கொடுக்காத நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறாய். எமோசியிடம் கேட்டேன், அது வெல்டருக்குப் புகையால் வரும் காய்ச்சல், பால் குடித்தால் போய்விடும் என்று பட்டறையில் சொல்லிக்கொண்டு திரிவார்கள், அது சும்மா, காற்றுப் போக வழி வேண்டும், மூக்குக்கு நல்ல மூடி வேண்டும் என்கிறான். உனக்கும் அங்கே ஒரு சீட்டு இருக்கிறது பெதெலி, அதில் மீன் பிடித்தல் என்று எழுதியிருக்கிறது. போய் மாற்று. இந்த வாரமே போய், நான் வெல்டர், இந்தக் குழாயில் வேலை செய்கிறேன், அந்தப் புகையில்தான் இருமல் வந்தது என்று சொல். யாராவது கிண்டல் பண்ணினால் பண்ணட்டும், நீ சிரிக்காமல் நில்.

மெரேசெய்னிக்கு என் அன்பு. சேராவுக்குப் பாட்டியின் நூறு முத்தம், அவளுக்கு முடைந்த பாயை அடுத்த மாதம் இங்கிருந்து வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன். தம்பிக்கு ஃபோன் பண்ணு, மண்ணடுப்பு பற்றி நீ சிரித்ததற்கு மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், அவனுக்கு அது பிடிக்காது, அவன் கையைப் பற்றி மட்டும் கேள், அவன் சொல்லட்டும். உன் வீட்டையும் உன் மூச்சையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. டாக்டர் புதிதாக எழுதிக் கொடுக்கும் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, என்ன எழுதியிருக்கிறது என்று நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

ஒரு பிள்ளையின் கையையும் இன்னொரு பிள்ளையின் மூச்சையும் நினைத்துக்கொண்டு,
உன் அம்மா
உனைசி